நெஞ்சில் நீர் கோத்தால்: மீசோதீலியோமாவை அடையாளம் காண ஓர் எளிய விளக்கம்

கல்லில் நார் உரிப்பான் என்று கஞ்சனைச் சொல்வது நம் வழக்கம். நடக்காத காரியம் என்று நினைத்துச் சொன்ன சொல் அது. ஆனால் சில கல்லில் நிஜமாகவே நார் உண்டு. பாறையை உடைத்தால் உள்ளே இழை இழையாக, கொத்துக் கொத்தாக நிற்கும். பிய்த்தால் பஞ்சு, திரித்தால் கயிறு, நெய்தால் துணி. தீயில் போட்டாலும் எரியாது. தமிழில் அதற்குக் கல்நார் என்று அளந்து வைத்தாற்போல ஒரு பெயர். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். ஷீட் வீடு என்றால் தெரியாதவரே கிடையாது.

அந்த நாரின் தூசியை மூச்சோடு இழுத்தவர்களில் சிலருக்குப் பல ஆண்டு கழித்து ஒரு புற்றுநோய் வருகிறது. அதன் பெயர் மீசோதீலியோமா. வாயில் நுழையாத பெயர்தான், நாலு முறை சொன்னால் பழகிவிடும். அரிதான நோய். 2020-இல் உலகம் முழுவதும் புதிதாக இந்த நோய் கண்டவர்கள் சுமார் 30,000 பேர். அதே ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் கண்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். ஆகவே இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு இருமலுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் அரிதாக இருப்பதே இதில் ஒரு தொல்லை. நோயாளியும் நினைப்பதில்லை, வைத்தியம் பார்ப்பவரும் முதலில் இதை நினைப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலுமாக 22 ஆண்டு எக்ஸ்ரே எடுத்தவன். “மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம்… விடுங்க” என்று காலையிலிருந்து சாயந்திரம் வரை சொல்கிற வேலை. படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை, அதை டாக்டர்தான் எழுதுவார். ஆனாலும் அத்தனை நெஞ்சுகளைப் பார்த்த பிறகு, நாம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறோம் என்பது எனக்கு விளங்கியது. கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நோய் எங்கே வருகிறது?

ஒரு நிலக்கடலையைக் கையில் எடுங்கள். ஓட்டை உடைத்தால் பருப்பு. பருப்பின்மேல் சிவப்பாக ஒரு மெல்லிய தோல், தேய்த்து ஊதினால் பறந்துவிடும். ஓட்டின் உட்பக்கத்தைக் கவனித்தால் அங்கும் மெல்லிசாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். நெஞ்சுக்கூட்டை ஓடு என்று வைத்துக்கொண்டால் நுரையீரல்தான் பருப்பு. நுரையீரலைப் போர்த்தியபடி ஒரு சவ்வு, நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்தில் ஒரு சவ்வு. இரண்டையும் சேர்த்து டாக்டர்கள் புளூரா என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று டீஸ்பூன் நீர், அவ்வளவுதான். மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரல் நெஞ்சுக்கூட்டில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போய் வர அந்த நீர் போதும்.

அந்தச் சவ்வின் மேற்பரப்பில் இருக்கும் செல்களின் அடுக்குக்கு மீசோதீலியம் என்று பெயர். பருப்பில் வந்தால் நுரையீரல் புற்றுநோய். தோலில் வந்தால் மீசோதீலியோமா. இரண்டும் வேறு வேறு நோய். பீடி, சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வரும், மீசோதீலியோமா வருவதில்லை. “எங்கப்பா வாழ்நாள்ல ஒரு பீடி தொட்டதில்ல, அவருக்கு எப்படி?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கல்நார்த் தூசியும் பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பது தனிக் கதை. கல்நார் வேலை பார்த்தவர் பீடியை நிறுத்த அதுவே போதுமான காரணம்.

இதே மாதிரி சவ்வு வயிற்றுக்குள்ளும் இருக்கிறது, இதயத்தைச் சுற்றியும், விரையைச் சுற்றியும் இருக்கிறது. அங்கெல்லாமும் இந்த நோய் வரலாம். ஆனால் நாலு பேரில் மூன்று பேருக்கு மேல் நெஞ்சில்தான் வருகிறது.

நார் என்ன செய்கிறது என்றால், உள்ளே போன பிறகு ஒன்றுமே ஆகாமல் கிடக்கிறது. மற்ற தூசியில் பெரும்பகுதியைச் சளி வெளியே தள்ளிவிடும், இல்லாவிட்டால் உடம்பின் காவல் செல்கள் விழுங்கி அப்புறப்படுத்திவிடும். கல்நார் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, ஆனால் விழுங்க வரும் செல்லைவிட நீளமாக இருக்கும். பாம்பு கடப்பாறையை விழுங்கப் பார்த்த கதைதான். விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்த இடம் வருடக்கணக்கில் புண்பட்டுக்கொண்டே இருக்கும். 20 ஆண்டு, 30 ஆண்டு, சிலருக்கு 50 ஆண்டு. ஒருநாள் அங்கே ஒரு செல் தறிகெட்டுப் போகிறது. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் வரும் நோய்க்கு விதை, மீசை முளைத்த வயதில் விழுந்திருக்கும்.

உடம்பு எப்படிச் சொல்லும்?

பெரும்பாலும் மூச்சு வாங்குவதில் தொடங்கும். “போன வருசம் தீர்த்தமலை ஏறி எறங்கினேன், இப்ப வீட்டுத் திண்ணை ஏறினாலே மேல்மூச்சு வாங்குது” என்பார்கள். ஒரே நாளில் வருவதில்லை, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடும். வயசாகிவிட்டது என்று எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்வது அதனால்தான். காரணம் பெரும்பாலும் நீர். இரண்டு மூன்று டீஸ்பூன் இருந்த இடத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று கோத்துக்கொள்ளும். நாலு அரை லிட்டர் பால் பாக்கெட்டை விலாவுக்குள் வைத்துக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள். நுரையீரல் விரிய இடம் எங்கே? இந்த நீர் வழக்கமாக ஒரு பக்கம்தான் கோக்கும். அதனால் சிலர் நீர் கோத்த பக்கமாகவே சாய்ந்து படுப்பார்கள், நல்ல பக்கம் மேலே இருந்தால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். கேட்டால், “இப்படிப் படுத்தாத்தான் தூக்கம் வருது” என்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது வலி. சுருக்கென்று குத்துகிற வலியாக இல்லாமல், ஒரு பக்க விலாவில் மந்தமாக, பாரமாக, விடாமல் இருக்கும். தோள்பட்டைக்கும் போகும், முதுகுக்கும் போகும். எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். வாயுப் பிடிப்பு என்று பூண்டு வேகவைத்துத் தின்று, தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். வாயுப் பிடிப்பு இடம் மாறும், நாலு நாளில் போகும். ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் குடியிருக்கும் வலியை வாயு என்று விட்டுவிடக் கூடாது.

இருமல் இருக்கும், பெரும்பாலும் வறட்டு இருமல். சளியில் ரத்தம் வருவது இந்த நோயில் வழக்கம் இல்லை. அப்படி வந்தால் டிபியையும் நுரையீரல் புற்றுநோயையும் முதலில் பார்ப்பார்கள். அசதி, சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சிலருக்குச் சாயந்திரக் காய்ச்சல், ராத்திரி வேர்வை. இளைத்ததை வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை, தினமும் பார்க்கும் முகம் அல்லவா. திருவிழாவுக்கு வந்த மகள்தான், “என்னப்பா, சட்டை தொங்குது?” என்று கேட்பாள்.

நோய் வளர்ந்த பிறகு இன்னும் சில தெரியும். குரல் கம்மிப் போகும், விழுங்கும்போது அடைக்கும், முகம் வீங்கும். நீர் எடுக்க ஊசி குத்திய இடத்திலேயே பிறகு ஒரு கட்டி தடித்து வருவதும் உண்டு. ஒரு பக்க நெஞ்சு மூச்சு விடும்போது அசையாமல், மெல்ல மெல்லச் சுருங்கியும் போகும்.

வயிற்றில் வந்தால் கதை வேறு. வயிறு உப்பும், வேட்டியோ பாவாடையோ இடுப்பில் சேராது, ஆனால் கை கால் குச்சியாக இளைத்திருக்கும். வலி, மலச்சிக்கல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிய உணர்வு. ஆணாக இருந்தால் “குடிப்பியா?” என்ற கேள்விதான் முதலில் வரும், பெண்ணாக இருந்தால் சினைப்பைக் கட்டியா என்று பார்ப்பார்கள். இரண்டும் நியாயமான சந்தேகமே. இதயச் சவ்வில் வருவது மிக மிக அரிது, படபடப்பும் மூச்சுத் திணறலும் இருக்கும். விரைச் சவ்வில் வந்தால் விரைவீக்கம் போலத் தோன்றி, அறுவை சிகிச்சை செய்யும்போதுதான் தெரியவரும்.

இதில் ஒன்றுகூட மீசோதீலியோமாவுக்கு மட்டுமே உரிய அறிகுறி இல்லை. அறிகுறியை மட்டும் வைத்து இந்த நோயை யாராலும் சொல்லிவிட முடியாது. எந்த அறிகுறி, யாருக்கு, எவ்வளவு நாளாக, என்ன மருந்துக்கும் அடங்காமல் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிபி என்று நினைப்பது தவறா?

தவறே இல்லை. நம் நாட்டில் ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்து, காய்ச்சலும் இளைப்பும் இருந்தால் முதலில் டிபியைத்தான் பார்க்க வேண்டும். அதுதான் அதிகம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டால் குணமாகிற நோய். எடுத்த நீரில் ஏடிஏ என்றொரு பரிசோதனை செய்வார்கள், அளவு கூடுதலாக இருந்தால் டிபியாக இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் டிபி மாத்திரை எழுதினால் தயவுசெய்து போடுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

கேட்க வேண்டியது அதற்குப் பிறகு. மாத்திரை போட்டு இரண்டு மாதம் ஆகியும் மூச்சு வாங்குவது குறையவில்லையா? எடுத்த நீர் திரும்பத் திரும்பக் கோக்கிறதா? காய்ச்சல் போய்விட்டது, ஆனால் விலாவில் பாரம் கூடிக்கொண்டே வருகிறதா? அப்போது “டாக்டர், இது வேற ஏதாவதா இருக்குமா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்த நோய் உலகத்துக்குத் தெரிய வந்ததே இந்தக் குழப்பத்தின் வழியாகத்தான். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி என்ற ஊரில் ஒரு டிபி மருத்துவமனை. அங்கே ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் 1950-களில் ஒன்றைக் கவனித்தார். நெஞ்சுச் சவ்வில் கோளாறோடு வருபவர்களில் சிலருக்கு டிபி மருந்து வேலை செய்யவே இல்லை. அவர்கள் எல்லாரும் ஒரே திசையிலிருந்து, மேற்கே இருந்து வந்தவர்கள். மேற்கே நீலக் கல்நார்ச் சுரங்கங்கள். வாக்னர் என்ற நோயியல் மருத்துவரும் ஸ்லெக்ஸும் இன்னொரு மருத்துவரும் சேர்ந்து 33 நோயாளிகளின் விவரத்தை 1960-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் கல்நாரோடு தொடர்பு இருந்தது. சுரங்கத்தில் கால் வைக்காதவர்களும் அதில் உண்டு, சின்ன வயதில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த மருத்துவர்களுக்குப் புதிதாக ஒரு கருவியும் கிடைத்துவிடவில்லை. “எந்த ஊரு, அங்க என்ன வேலை?” என்று விடாமல் கேட்டார்கள்.

வெள்ளையாக இருந்த ஒரு படம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயது 68. கூடவே மனைவியும் கல்லூரியில் படிக்கும் பேரனும். கையில் மஞ்சள் பை, அதில் பழைய படங்கள். டிபி மாத்திரை மூன்று மாதமாகப் போடுகிறார், இரண்டு முறை நீர் எடுத்தாயிற்று.

நெஞ்சுப் படத்தில் காற்று கருப்பாகவும், நீர் வெள்ளையாகவும் தெரியும். நின்றபடி எடுத்த படத்தில் நீர் அடியில் தங்கி, விலாப் பக்கம் விளிம்பில் கொஞ்சம் மேலேறி நிற்கும், டம்ளரின் ஓரத்தில் தண்ணீர் ஏறி நிற்பதுபோல. அவருடைய வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. அவ்வளவு நீர் இருந்தால் இதயமும் மூச்சுக்குழாயும் இடது பக்கமாகத் தள்ளப்பட்டிருக்க வேண்டும். தள்ளவில்லை. நடுவிலேயே இருந்தன, கொஞ்சம் வலது பக்கமாகவே இழுபட்டும் இருந்தன. நீரோடு சேர்ந்து ஏதோ ஒன்று அந்தப் பக்கத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கடலைத் தோல் மரப்பட்டை மாதிரி தடித்துப் பருப்பை நெரித்தால் அப்படித்தான் இருக்கும். சவ்வு தடித்துப் போக வேறு காரணங்களும் உண்டு, பழைய டிபியும் அதில் ஒன்று.

படம் காயும் நேரத்தில், “என்ன வேலைங்க பெரியவரே?” என்று கேட்டேன்.

“ஆடு மேய்க்கிறேன் தம்பி.”

“அதுக்கு முன்ன?”

“கல்லு ஒடைக்கப் போனேன், குவாரிக்கு.”

குவாரி என்றதும் நான் நிறுத்திக்கொண்டேன். நம் பக்கத்தில் கிரானைட் குவாரிக்குப் போகாத ஊர் எது? கல் தூசி, அதனால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ், அதோடு டிபி. எல்லாம் சரியாகப் பொருந்துவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தப்பு. கிரானைட் தூசியால் சிலிகோசிஸ் வரும், சிலிகோசிஸ் வந்தவரை டிபி எளிதில் பிடிக்கும், நுரையீரல் புற்றுநோய்க்கும் அது வழிவிடும். ஆனால் மீசோதீலியோமா கல்நார் நோய். குவாரியை மட்டும் கேட்டால் அது கண்ணில் படாது. இன்னும் ஒரு முறை “அதுக்கு முன்ன?” என்று கேட்டிருக்க வேண்டும்.

என்ன வேலை என்றால் எந்த வேலை?

கல்நார் எங்கெல்லாம் இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும். பாய்லர் இருந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கல்நாரும் இருந்தது. நீராவிக் குழாய்க்குச் சுற்றும் பஞ்சு, பாய்லர்க் கதவுக்கு வைக்கும் கயிறு, குழாய் இணைப்பில் வைக்கும் கேஸ்கட். அனல்மின் நிலையம், சர்க்கரை ஆலை, ரசாயன ஆலை, ரயில்வே பணிமனை, கப்பல் கட்டுமிடம், கப்பல் உடைக்குமிடம். பிறகு சிமெண்ட் ஷீட், சிமெண்ட் பைப் செய்யும் ஆலைகள், அந்த ஷீட்டை அறுத்துத் துளை போட்டு மாட்டியவர்கள், பழைய கட்டடத்தை இடித்தவர்கள். நெடுஞ்சாலை ஊரான கிருஷ்ணகிரியில் லாரி பட்டறைகளுக்குக் குறைவில்லை. பிரேக் டிரம்மைக் கழற்றி, ஏர் அடித்து, லைனிங் தூசியை ஊதித் தள்ளியது எல்லாப் பட்டறையிலும் நடந்த வேலை. அன்றைய லைனிங்கில் கல்நார் இருந்தது.

நம் மாவட்டத்துக்காரருக்கு இன்னொரு சிக்கல். வேலை இங்கே நடந்திருக்காது. மழை பொய்த்தால் பெங்களூரு, இல்லாவிட்டால் கேரளா, பம்பாய் என்று கூலிக்குப் போன மண் இது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு கொஞ்சம் பேர் இங்கேயே தங்கினார்கள். எங்கேயோ மூன்று ஆண்டு ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருந்துவிட்டு வந்து, 40 ஆண்டு கழித்து ராகியும் ஆடுமாக இருப்பவரிடம் “என்ன வேலை?” என்று கேட்டால் “விவசாயம்” என்றுதான் சொல்வார். பொய் இல்லை. ஆனால் நோய்க்கு வேண்டிய பதில் அது இல்லை.

வேலைக்கே போகாதவர்களுக்கும் வந்திருக்கிறது. 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் வீட்டில் அவர்கள் துணியைத் துவைத்தவர்களும், ஆலைக்கு அரை மைல் தூரத்துக்குள் குடியிருந்தவர்களும் நோயாளிகளில் இருந்தார்கள்.

அப்படியானால் ஷீட் வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஆபத்தா என்ற கேள்வி வரும். சிமெண்ட் ஷீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் நார் இருக்கும், அதுவும் சிமெண்டுக்குள் இறுகியிருக்கும். உடையாமல், பொரியாமல் இருக்கும் கூரையின் கீழ் வாழ்வதில் ஆபத்து குறைவு. கைவைக்கும்போதுதான் வினை. மெஷின் போட்டு அறுப்பது, டிரில் போடுவது, கம்பிப் பிரஷ்ஷால் பாசி தேய்ப்பது, பழசைப் போட்டு உடைத்துப் பள்ளத்தை நிரப்புவது, அந்தத் தூளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், துண்டின் இழைக்கு இந்த நார் அடங்காது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இங்கே வெள்ளைக் கல்நார் என்ற வகைக்கு முழுத் தடை இல்லை, இறக்குமதி செய்து ஷீட் செய்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

எப்படி உறுதி செய்வார்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ரே சந்தேகத்தைக் கிளப்பும், சிடி ஸ்கேன் சவ்வு எங்கே, எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும். சவ்வில் சுண்ணாம்பு படிந்த திட்டுகள் தெரிந்தால் அவை கல்நார்த் தூசி உள்ளே போனதற்கான தழும்புகள், அவையே புற்றுநோய் அல்ல. நீரை எடுத்து அதில் புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். “இல்லை” என்று வந்தாலும் அதோடு முடிந்துவிடாது, இந்த நோயில் நீரில் செல் சிக்காமல் போவது சகஜம். சவ்விலிருந்தே சதைத் துணுக்கு எடுக்க வேண்டும், அதுதான் பயாப்ஸி. விலா இடுக்கில் சின்னத் துளை போட்டு, கேமரா உள்ள குழாயை விட்டு, கண்ணால் பார்த்தே எடுக்கும் தோரகோஸ்கோப்பி இருந்தால் நல்லது. எடுத்த துணுக்குக்கு இம்யூனோ சாயப் பரிசோதனை செய்தால்தான் இது மீசோதீலியோமாவா, நுரையீரல் புற்றுநோய் சவ்வுக்குப் பரவியதா என்று பிரித்துச் சொல்ல முடியும். “பயாப்ஸி எடுத்தா பரவிடும்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊசி குத்திய தடத்தில் கட்டி வருவது உண்மைதான், அதற்காகப் பெயர் தெரியாத நோய்க்கு மருந்து சாப்பிட முடியுமா?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, முதல் படி அங்கேதான். மேற்கொண்டு என்றால் சென்னை அடையாறு புற்றுநோய் மையம், ஓசூர்க்காரருக்குப் பக்கமாக பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முழுசாகக் குணமாகும் நோய் என்று சொன்னால் அது பொய். கண்டறிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும். கீமோ இருக்கிறது, 2020-க்குப் பிறகு நோயெதிர்ப்பு மருந்துகளும் வந்திருக்கின்றன, ஆரம்பத்திலேயே தெரிந்த சிலருக்கு அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். நீர் திரும்பக் கோக்காமல் இருக்கச் சவ்வுகளின் நடுவே டால்க் பொடி செலுத்தி ஒட்டவைத்துவிடுவார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. நீர் சீக்கிரம் அடங்கினாலே மனிதன் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுவான், நிம்மதியாகத் தூங்குவான்.

சட்டப்படி இது தொழில்சார் நோய், இழப்பீடு கேட்க உரிமை உண்டு. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக்காரர் பெயரே மறந்துபோன கூலியாளுக்குப் பதிவேடு எங்கே இருக்கும் என்பது வேறு கேள்வி. பழைய இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு, கேட் பாஸ், உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம், எதுவும் வீண் போகாது. தூக்கிப் போடாதீர்கள்.

எக்ஸ்ரே கவரின் பின்பக்கம்

பெரியவர் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை நானாகவே உட்காரவைத்துக் கேட்டேன். குவாரிக்கு முன்ன? பெங்களூரு. அங்கே என்ன? “பைப்புக்குப் பஞ்சு சுத்துற வேலை தம்பி. நாலு வருசம்.” என்ன பஞ்சு? “வெள்ளப் பஞ்சு. மூட்டையக் கொட்டுனா மார்கழிப் பனி மாதிரி நிக்கும், எதிர்ல ஆள் தெரியாது. தண்ணி ஊத்திக் கொழைச்சு, பைப்பு மேல அப்பி, துணி சுத்துவோம். சூடு தாங்குற பஞ்சுன்னு மேஸ்திரி சொல்லுவாரு.”

பேரனிடம் பேனாவைக் கொடுத்து, எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். தாத்தா சொல்லச் சொல்ல எழுதினான். பதினெட்டு வயது வரை சொந்த ஊரில் விவசாயம். பிறகு செங்கல் சூளை. 1976 முதல் 1980 வரை பெங்களூருவில் பாய்லர்க் குழாய்க்குக் கல்நார்ப் பஞ்சு சுற்றும் வேலை, முகமூடி இல்லை. பிறகு 14 ஆண்டு கிரானைட் குவாரி. பிறகு ஆடு. ஆறு வரிதான். டாக்டர் அந்தக் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு அன்றைக்கே சிடி ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் எழுதினார். மூன்று வாரத்தில் நோய்க்குப் பெயர் தெரிந்தது. டிபி மாத்திரையை டாக்டரே நிறுத்தினார்.

அன்றைக்கு அவன் எழுதி முடித்தபோது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சொன்னார்: “அந்தப் பஞ்சு சட்டை பூரா ஒட்டிக்கிட்டு வரும் தம்பி. வாசல்ல நின்னு நல்லா ஒதறிட்டுத்தான் தொவைக்கப் போடுவேன். நாலு வருசமும் நான்தான் தொவைச்சேன்.”

அவருக்கு இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, நடையும் நன்றாக இருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, ஆனால் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இதைச் சொல்லுங்கள் என்றேன். பிறகு பேரனிடம் இன்னொரு கவரைக் கொடுத்து, மேலே பாட்டி பெயரை எழுதச் சொன்னேன்.